அயலார் என்ற குற்றச்சாட்டு: வில்லியம் டுவேனும் தியாகதுர்கத்தைத் தொட்ட போரும்

அமெரிக்கப் பத்திரிகை வரலாற்றில் வில்லியம் டுவேன் என்ற அயர்லாந்துக்காரர், பிலடெல்பியா நகரில் 1798 முதல் 1822 வரை 'அரோரா' என்ற நாளிதழை நடத்தியவராகவும், 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் தாமஸ் ஜெபர்சன் குடியரசுத் தலைவராவதற்குப் பத்திரிகை வழியாகப் பெரும்பங்கு ஆற்றியவராகவும் நினைக்கப்படுகிறார். அவரை அமெரிக்காவிலிருந்து மட்டும் பார்ப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையில் பாதிதான் தெரியவரும். ஏனெனில் ஓர் இதழின் முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்தும் வாய்ப்பு அவருக்கு முதலில் கிடைத்த ஊர் கல்கத்தா, ஆட்சியாளர்களின் சினம் எத்தகையது என்பதை அவர் முதலில் அறிந்ததும் அங்கேதான். அந்தச் சினத்தை மூட்டியது மூன்றாம் மைசூர்ப் போரிலிருந்து வந்த ஒரு பொய்ச் செய்தி. அந்தப் போரோ இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஊர்களையும் வயல்களையும் மிதித்துக்கொண்டு சென்ற போர். ஆகவே டுவேனின் கதையை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமானது.

கல்வராயன் மலைத்தொடர், மேற்கே சேலம் மேட்டு நிலத்தையும் கிழக்கே பழைய தென்னார்க்காட்டுச் சமவெளியையும் பிரித்து நிற்கிறது. அதன் தென்புறத்தில், பச்சைமலைக்கும் அதற்கும் இடையே உள்ள ஆத்தூர்க் கணவாய், மேட்டு நிலத்திலிருந்து கடற்கரைக்கு இறங்குவதற்கான இயல்பான வழிகளில் ஒன்று. சேலம், ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை என்று இன்று நெடுஞ்சாலை செல்லும் திசையும் அதுவே. இந்த வழியில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, சமவெளியின் நடுவில் திடீரென எழும் பாறைக் குன்றுகளின்மீது அமைந்த தியாகதுர்கம் கோட்டை, மைசூர், ஆர்க்காடு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நான்கு தரப்பினரும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் பறிக்க முயன்ற இடம். பிரெஞ்சுத் தளபதி லாலி 1760-இல் ஐதர் அலியின் உதவியை வேண்டியபோது அதற்கு விலையாகக் கொடுக்க முன்வந்தவற்றுள் இக்கோட்டையும் ஒன்று என்பதிலிருந்து இதன் மதிப்பை உணரலாம்.

1789 டிசம்பர் இறுதியில் திருவிதாங்கூரின் எல்லை அரணைத் திப்பு சுல்தான் தாக்கியதை அடுத்துப் போர் மூண்டது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைக் கோயம்புத்தூர்ப் பகுதியில் அலைக்கழித்த திப்பு, 1790-இன் கடைசி மாதங்களில் கர்நாடகப் பகுதி என்று அன்று வழங்கிய ஆர்க்காட்டு நவாபின் நாட்டுக்குள் புகுந்து, திருச்சிராப்பள்ளியை அச்சுறுத்திவிட்டு வடக்கே திரும்பித் தியாகதுர்கத்தின் முன் வந்து நின்றார். கோட்டையைக் காத்தவர் கேப்டன் பிளின்ட். பத்தாண்டுகளுக்கு முன் வந்தவாசிக் கோட்டையை ஐதர் அலியிடமிருந்து காத்த அதே அதிகாரி. சுற்றுப்புறக் கிராமத்து மக்கள், எடுத்துச் செல்ல முடிந்த பொருள்களோடு கோட்டையடியில் இருந்த பேட்டைக்குள், அதாவது குன்றின் கீழே அமைந்த குடியிருப்பும் கடைவீதியுமான பகுதிக்குள், தஞ்சம் புகுந்திருந்தனர். பேட்டையைக் கைப்பற்றத் திப்புவின் படை செய்த தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டதால், அவர் முற்றுகையைக் கைவிட்டுத் திருவண்ணாமலை, பெருமுக்கல் வழியாகப் புதுச்சேரியை நோக்கிச் சென்றார்.

இதற்குள் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் பிரபு தாமே சென்னைக்கு வந்து 1791 ஜனவரியில் படையின் தலைமையை ஏற்றார். பத்தாண்டுகளுக்கு முன், 1781 அக்டோபரில், அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ் இவர். மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த அவர், மே 15-இல் சீரங்கப்பட்டணத்துக்கு அருகே திப்புவின் படையை வென்றபோதிலும், வண்டி இழுக்கும் மாடுகள் இறந்து, தானியம் தீர்ந்து, பருவமழையும் தொடங்கிவிட்டதால், கோட்டையை முற்றுகையிட முடியாமல் தம் கனரகப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். போர்முனையிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி போய்ச் சேர்வது அஞ்சல் ஓட்டக்காரர்களையும் கப்பல்களையும் நம்பியே இருந்தது. இடையில் வதந்திக்குப் போதிய காலமும் இடமும் இருந்தன. அத்தகைய ஒரு வதந்தியை அச்சிட்டவர்தான் டுவேன்.

டுவேன் 1760-இல், அன்று ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த நியூயார்க்கில், சாம்பிளேன் ஏரிக்கு அருகே அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை இறந்தபின், அவர் சிறுவனாக இருந்தபோதே தாய் அவரை அயர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். குளோன்மெல் என்ற ஊரில் அவர் வளர்ந்தார். பத்தொன்பது வயதில், கத்தோலிக்கராகிய அவர் கேதரின் கார்கோரன் என்ற புராட்டஸ்டண்டுப் பெண்ணை மணந்ததைப் பொறாத தாய், சொத்தில் பங்கில்லை என்று அவரை விலக்கிவிட்டார். அதன்பின் பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டதே அச்சுத் தொழில். லண்டனில் நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் செய்தியாக எழுதும் வேலையைச் சிறிது காலம் பார்த்துவிட்டு, 1780-களின் பிற்பகுதியில், மனைவி மக்களை ஊரில் விட்டு, கம்பெனிப் படையின் சாதாரணச் சிப்பாயாக வங்காளத்துக்குக் கப்பலேறினார். அயர்லாந்தில் வாழ வழியற்ற இளைஞர்கள் பலர் அக்காலத்தில் எடுத்த முடிவு அது. தங்கள் நாட்டை அடக்கி ஆண்ட அதே அரசின் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு வேறொரு நாட்டை அடக்கப் புறப்பட்ட அந்த அயர்லாந்துக்காரர்களின் நிலையில் இருந்த முரண்பாட்டை டுவேனின் வாழ்க்கை முழுவதிலும் காணமுடிகிறது.

கல்கத்தாவில் அச்சு இதழ் அப்போது புதிய பொருள். இந்தியாவின் முதல் அச்சு இதழான 'பெங்கால் கெசட்'டை 1780 ஜனவரியில் தொடங்கிய ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கியும் அயர்லாந்துக்காரராகவே கருதப்படுகிறார். தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸைத் தாக்கி எழுதியதற்காகச் சிறை சென்ற அவருடைய அச்சுக்கருவிகள் 1782-இல் பறிமுதல் செய்யப்பட்டன. சென்னையில் 'மெட்ராஸ் கூரியர்' 1785-இல் வெளிவரத் தொடங்கியது. இந்த இதழ்களைப் படித்தவர்கள் கம்பெனி அதிகாரிகள், படைத்தலைவர்கள், ஐரோப்பிய வணிகர்கள் ஆகிய சில நூறு பேரே. அந்தச் சிறிய வட்டத்துக்குள் 1791-இல் 'பெங்கால் ஜர்னல்' இதழின் ஆசிரியராக டுவேன் வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டு, போர்க்களத்தில் காரன்வாலிஸ் இறந்துவிட்டார் என்ற வதந்தியை அவருடைய இதழ் வெளியிட்டது. அது பிரெஞ்சுத் தரப்பிலிருந்து பரவியது என்றும் குறிப்பிட்டது. வங்காளத்தில் பிரெஞ்சு நலன்களுக்குப் பொறுப்பாக இருந்த கர்னல் தெ கனாப்பிள் இதை அவமதிப்பாகக் கருதி மன்னிப்புக் கோரும்படி வற்புறுத்தினார், டுவேன் பணியவில்லை. ஆங்கில அரசு அவரைக் கைது செய்து நாடு கடத்த ஆணையிட்டது. அவர் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தை நாடினார். சட்டவிரோதமாகப் பிடித்து வைக்கப்பட்டவரை நீதிபதிமுன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவே அவருக்கு இருந்த ஒரே வழி. நீதிமன்றமோ, கம்பெனியின் எல்லைக்குள் இருக்கும் ஐரோப்பியரை வெளியேற்றும் அதிகாரம் தலைமை ஆளுநருக்கு உண்டு என்று தீர்ப்பளித்துவிட்டது. கனாப்பிளுக்குப் பின் வந்த பியூமரோன் என்ற பிரெஞ்சு அலுவலர் அவருக்காகப் பரிந்து பேசியதால்தான் ஆணை கைவிடப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செய்தி பொய்யானது, பொய்ச்செய்தியை வெளியிட்டதற்காக ஆசிரியரைக் கண்டிக்க அரசுக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் அரசு தேர்ந்தெடுத்த ஆயுதம் வேறு. எழுதியது குற்றம் என்று மெய்ப்பிக்கும் கடமையை அது ஏற்கவே இல்லை. எழுதியவர் அந்த நாட்டில் கம்பெனியின் தயவில் இருப்பவர் என்பதே போதுமானதாக இருந்தது. கம்பெனியின் சாசனப்படி, அதன் அனுமதியின்றி ஆங்கில மன்னரின் குடிமக்கள்கூட இந்தியாவில் தங்க முடியாது. வழக்கு, சான்று, நடுவர் என்ற தொல்லைகள் எதுவுமின்றி ஒருவரின் வாயை அடைப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

விடுபட்ட டுவேன் 'தி வேர்ல்டு' என்ற சொந்த இதழைத் தொடங்கினார். அது நன்கு விற்றது. வீடும் நூலகமும் அச்சகமும் உடையவரானார். கம்பெனிப் படையின் அதிகாரிகள் அக்காலத்தில் ஊதியம், பதவி உயர்வு குறித்துக் கிளர்ச்சி மனநிலையில் இருந்தார்கள். அவர்களுடைய குறைகளை அவர் தொடர்ந்து அச்சிட்டார். பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகளுக்கும் இடமளித்தார். படைக்குள் பரவும் அதிருப்தியைக் காட்டிலும் கம்பெனி அஞ்சியது வேறில்லை. காரன்வாலிஸுக்குப் பின் வந்த தலைமை ஆளுநர் சர் ஜான் ஷோரின் அரசு, 1794 டிசம்பர் இறுதியில் அவரை ஆளுநர் மாளிகைக்கு வரவழைத்து, அங்கேயே சிப்பாய்களைக் கொண்டு பிடித்து, விசாரணை எதுவுமின்றி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது. சொத்துக்கு ஈடு எதுவும் தரப்படவில்லை. லண்டனில் அவர் விடுத்த முறையீடுகளும் பயன் தரவில்லை.

இவ்விடத்தில் டுவேனைப் பற்றி ஒரு கடினமான கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அவர் இந்தியாவில் யாருக்காகப் பேசினார்? தம் உரிமைக்காகவும், வெள்ளை அதிகாரிகளின் படிக்காகவும், ஐரோப்பாவின் அரசியல் சுதந்திரத்துக்காகவும் பேசினார். தியாகதுர்கத்துப் பேட்டைக்குள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்த உழவர்களுக்கு அந்தக் கல்கத்தா இதழ்களில் இடமில்லை. அவர்கள் அவ்விதழ்களின் வாசகர்களும் அல்லர். செய்திக்குரியவர்களாக எண்ணப்பட்டவர்களும் அல்லர். தமிழில் முதல் அச்சு இதழ் என்று பொதுவாகக் கூறப்படும் சமய இதழ் வெளிவந்ததே 1831-இல்தான். முறையீட்டுக்கு இடமில்லாத ஆட்சி என்பது டுவேனுக்கு நான்காண்டு அனுபவம்; சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகியோரின் ஜாகிர்களாக, அதாவது வரிவாங்கி ஆளும் உரிமையுடைய தனியாட்சிப் பகுதிகளாக, 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை இருந்த கல்வராயன் மலை ஊர்களில் கூலியில்லா வேலை செய்த மலையாளிப் பழங்குடியினருக்கு அது பல தலைமுறைகளின் வாழ்வு. இதைச் சொல்வதால் டுவேனின் துணிவு குறைந்துவிடாது. அந்தத் துணிவு எட்டிய எல்லை எது என்பது தெளிவாகும்.

1796-இல் டுவேன் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குச் சென்றார். அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில், பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரன் பெஞ்சமின் பிராங்க்ளின் பேச் நடத்திய 'அரோரா'வில் சேர்ந்தார். அமெரிக்காவில் அப்போது இரு அணிகள் உருவாகியிருந்தன: வலுவான மைய அரசையும் இங்கிலாந்தின் நட்பையும் விரும்பிய பெடரலிஸ்டுகள் ஒருபுறம், மாநிலங்களின் உரிமையையும் பிரெஞ்சுக் குடியரசின்பால் பரிவையும் கொண்ட ஜெபர்சனின் குடியரசுக் கட்சியினர் மறுபுறம். டுவேன் எந்த அணியில் சேர்வார் என்பதில் ஐயமே இருக்கவில்லை. வந்த ஆண்டிலேயே, ஜாஸ்பர் டுவைட் என்ற புனைபெயரில், ஓய்வுபெறவிருந்த வாஷிங்டனுக்குத் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டு, விடுதலைக்காகப் போரிட்டவர் அடிமைகளை வைத்திருப்பதை அதில் இடித்துரைத்தார். அதே தவற்றைச் செய்துவந்த ஜெபர்சனைப் பின்னாளில் தலைவராக ஏற்றபோது அந்தக் கூர்மை மழுங்கிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1798 அவருடைய வாழ்வில் கொடிய ஆண்டு. ஜூலையில் மனைவி கேதரின் இறந்தார். செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சல் பேச்சின் உயிரைக் குடித்தது. இதழின் பொறுப்பு டுவேன்மீது விழுந்தது. (பேச்சின் மனைவி மார்கரெட்டை அவர் 1800-இல் மணந்தார்.) அதே கோடையில் பெடரலிஸ்டு அரசு அயலார் சட்டத்தையும் அரசுவிரோத எழுத்துச் சட்டத்தையும் அடுத்தடுத்து நிறைவேற்றியது. முன்னது, ஆபத்தானவர் என்று தாம் கருதும் எந்த வெளிநாட்டவரையும் விசாரணையின்றி வெளியேற்றும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்தது. பின்னது, அரசையும் தலைவர்களையும் இழித்து எழுதுவோருக்குச் சிறையும் தண்டமும் விதித்தது. குடியுரிமை பெறுவதற்கு நாட்டில் வசித்திருக்க வேண்டிய காலமும் ஐந்து ஆண்டுகளிலிருந்து பதினான்காக உயர்த்தப்பட்டது. இவற்றின் இலக்குகளில் அயர்லாந்திலிருந்து வந்த குடியேறிகள் முதன்மையானவர்கள். கல்கத்தாவில் தம்மீது வீசப்பட்ட வலை, கடல் தாண்டித் தம்மைத் தேடி வந்திருப்பதை டுவேன் உடனே அடையாளம் கண்டுகொண்டார். வேறு எந்த அமெரிக்கப் பத்திரிகையாசிரியருக்கும் இல்லாத அனுபவம் அது.

1799 பிப்ரவரியில், புனித மரியாள் கத்தோலிக்க ஆலய வளாகத்தில் அயலார் சட்டத்தை நீக்கக் கோரும் மனுவுக்கு அயர்லாந்துக்காரர்களின் கையெழுத்தைத் திரட்டியபோது கைகலப்பு மூண்டது. கலகம் செய்ததாக டுவேனும் தோழர்களும் குற்றம் சாட்டப்பட்டனர். நடுவர் குழு, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு உண்மையைத் தீர்மானிக்கும் குழு, அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. மூன்று மாதங்களுக்குப்பின், வரி எதிர்ப்புக் கிளர்ச்சியொன்றை அடக்கச் சென்ற தன்னார்வக் குதிரைப்படையினரின் நடத்தையை அவர் கண்டித்து எழுதியதற்காக, அப்படையின் அதிகாரிகள் கூட்டமாக அச்சகத்துக்குள் புகுந்து, அவரை முற்றத்துக்கு இழுத்துவந்து அடித்து வீழ்த்திச் சவுக்கால் அடித்தனர். தடுக்க வந்த மகனும் அடிபட்டான். இதழ் நிற்கவில்லை.

1800 பிப்ரவரியில், தேர்தல் வாக்குகளில் தகராறு எழுந்தால் பதின்மூவர் கொண்ட குழு மூடிய கதவுக்குள் முடிவு செய்ய வகைசெய்யும் மசோதா ஒன்றை செனட் சபை பரிசீலித்துக்கொண்டிருந்தது. ஜெபர்சனின் வெற்றியைத் தட்டிப்பறிக்கும் சூழ்ச்சி அது என்று கருதிய டுவேன், மசோதாவை முழுமையாக அச்சிட்டு அம்பலப்படுத்தினார். அவையின் உரிமையை மீறிவிட்டதாக செனட் அவரை விளக்கம் கேட்டு அழைத்தது. ஒருமுறை சென்றவர், தம் வழக்குரைஞர்களுக்குச் சபை விதித்த கட்டுப்பாடுகளைக் காரணம் காட்டி மீண்டும் செல்ல மறுத்தார். பிடியாணை பிறந்தது. சபை கலையும்வரை தலைமறைவாக இருந்துகொண்டே அவர் எழுதிவந்தார். மசோதா தோற்றது, அவ்வாண்டின் இறுதியில் பெடரலிஸ்டுகளும் தோற்றனர். 1801 மார்ச்சில் பதவியேற்ற ஜெபர்சன், அரசுவிரோத எழுத்துச் சட்டத்தின்கீழ் டுவேன்மீது இருந்த வழக்கைக் கைவிடச் செய்தார்.

ஆனாலும் அதே 1801-இல் தனியொருவர் தொடுத்த அவதூறு வழக்கில், டுவேன் அமெரிக்கக் குடிமகன் அல்லர், ஆங்கில மன்னரின் குடிமகனே என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று முடிவு செய்தது. அமெரிக்க மண்ணில் பிறந்தவர், சிறுவயதில் வெளியேறியதால் அயலார் ஆனார். ஆங்கிலேயக் கம்பெனியால் வேண்டாதவராக விரட்டப்பட்டவர், அமெரிக்காவில் ஆங்கிலேயராகக் கணக்கிடப்பட்டார். 1802-இல் முறைப்படி விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றபின்புதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது. (ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதியின் ஆட்சியைக் கம்பெனி முழுமையாக எடுத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி உள்ளிட்ட தென்னார்க்காடு கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்ததும் 1801 ஜூலையிலேயே. ஆள்வது யார் என்று தீர்மானிக்க இங்கே யாரும் வாக்களிக்கவில்லை.)

வெற்றிக்குப் பிந்தைய ஆண்டுகள் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. அரசின் அச்சு ஒப்பந்தங்கள் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை, கடன் பெருகியது, சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவரான கருவூலச் செயலர் கல்லட்டின்மீது ஆண்டுக்கணக்கில் நஞ்சு கலந்து எழுதினார், இன்னொரு அயர்லாந்துக் குடியேறியான ஜான் பின்ஸ் நடத்திய இதழோடு ஓயாமல் சண்டையிட்டார். எதிரியை வீழ்த்துவதற்குத் தேவைப்பட்ட முரட்டுத்தனம், நண்பர்களோடு சேர்ந்து ஆள்வதற்கு உதவவில்லை. 1808-இல் படையில் லெப்டினன்ட் கர்னல் பதவி பெற்று, 1810-இல் படைத்துறை அகராதி ஒன்றை வெளியிட்டார். 1822-இல் இதழை விட்டு விலகித் தென்னமெரிக்காவுக்குச் சென்றுவந்து, விடுதலை பெற்ற கொலம்பியாவைப் பற்றி 1826-இல் நூல் எழுதினார். அடிபட்ட மகன் வில்லியம் ஜான் டுவேன், 1833-இல் நாட்டின் கருவூலச் செயலராகி, அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் வங்கியிலிருந்து அரசுப் பணத்தை அகற்ற மறுத்ததற்காகக் குடியரசுத் தலைவர் ஜாக்சனால் பதவி நீக்கப்பட்டார். தந்தையின் பிடிவாதம் அவரிடமும் இருந்தது.

கல்கத்தாவிலும் பிலடெல்பியாவிலும் டுவேன்மீது வீசப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றே. விளைவு வேறாக இருந்ததற்குக் காரணத்தை ஆட்சியாளர்களின் குணத்தில் தேடுவது வீண். பெடரலிஸ்டுகள் கம்பெனியைவிடப் பொறுமைசாலிகள் அல்லர். ஆனால் அவர்களுக்கு முன்னால் விடுவிக்கக்கூடிய நடுவர் குழுவும், தோற்கடிக்கக்கூடிய வாக்காளரும் நின்றார்கள். கல்கத்தாவில் அந்த இரண்டும் இல்லை. டுவேனை விரட்டியபின், தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி 1799 மே மாதத்தில் இதழ்கள் அனைத்தையும் முன்தணிக்கைக்கு உட்படுத்தி, மீறினால் உடனடி நாடுகடத்தல் என்று விதி வகுத்தார். 1823-இல் கல்கத்தா இதழாசிரியர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்காம் அதே முறையில் கப்பலேற்றப்பட்டார். நாடுகடத்த முடியாத இந்தியர்கள் இதழ் நடத்தத் தொடங்கியபின் அந்த ஆயுதம் போதவில்லை; எனவே 1878-இல் தலைமை ஆளுநர் லிட்டன் பிரபு கொண்டுவந்த தாய்மொழி இதழ்கள் சட்டம், அயர்லாந்தை அடக்க இயற்றப்பட்ட சட்டத்தையே முன்மாதிரியாகக் கொண்டது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகியிருக்கிறது. அதன் வரலாற்றைப் புதிதாக எழுதும் பொறுப்பு இத்தலைமுறைக்கு வந்திருக்கிறது. தியாகதுர்க முற்றுகையைப் பற்றிக் கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும், பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த விவரச்சுவடியிலும் காண்பது கம்பெனியின் பார்வை. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலப் படைத்துறை, வருவாய்த்துறை ஆவணங்கள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் கல்லூரிகளில் வரலாறு பயிலும் மாணவர்கள் அவற்றோடு ஊர்க் கல்வெட்டுகளையும் குடும்பங்களில் வழங்கும் செய்திகளையும் சேர்த்துப் பார்த்து, 1790-இன் இறுதியில் அந்தப் பேட்டைக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் எந்தெந்த ஊரார், எதை இழந்தார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதை எழுதவேண்டும். வில்லியம் டுவேன் 1835 நவம்பர் 24-ஆம் நாள் பிலடெல்பியாவில் இறந்தார். இந்தியாவில் இதழ்கள்மீதிருந்த உரிமக் கட்டுப்பாட்டைத் தலைமை ஆளுநர் மெட்காப் நீக்கிய சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 15-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.